ஓட்டோ எஞ்சினில் நிற்காத ஒயில் கசிவு: திருகோணமலைச் சாரதிகளின் கேள்விகளும் பதில்களும்

எஞ்சின் ஒயில் கசிவைப் பற்றி நமது மாவட்டத்தின் முச்சக்கரவண்டிச் சாரதிகளும் உரிமையாளர்களும் கேட்டிருந்த கேள்விகளை ஒன்றுசேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். பலரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: சீல் மாற்றினோம், கஸ்கட் மாற்றினோம், சில வாரங்களில் மறுபடியும் கசிகிறது. (சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்; கஸ்கட் என்பது இரண்டு பாகங்கள் சேருமிடத்தில் ஒயிலைத் தடுக்க வைக்கும் தாள்.) 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பல ஆண்டுகள் புதிய வண்டிகள் வராததால், நம் வீதிகளில் ஓடுகின்ற எஞ்சின்களில் பெரும்பாலானவை வயதானவை. வயதான எஞ்சினில் ரப்பர் இறுகுவதும் ஓரிடத்தில் ஒயில் கசிவதும் இயல்பு. ஆனால் புதிதாக மாற்றிய சீல் மறுபடியும் கசிவது இயல்பன்று. அதற்குப் பின்னால் சரிசெய்யப்படாத வேறொரு காரணம் இருக்கிறது.

கேள்வி (நிலாவெளி, சாரதி): வணக்கம் ஐயா. என்னுடைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் எஞ்சின் முழுவதும் ஒயிலும் மண்ணும் அப்பிக் கிடக்கிறது. ஒரு கராஜில் ஹெட் கஸ்கட் என்றார்கள். இன்னொன்றில் மெக்னட் பக்கத்துச் சீல் என்றார்கள். காசு செலவழிப்பதற்கு முன்னர் எங்கிருந்து கசிகிறது என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். இரண்டு கராஜ்களும் இரண்டு விதமாகச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. ஓட்டோவின் எஞ்சின் பின்னால் அடைபட்ட இடத்தில் இருப்பதால், வெளிக்காற்று போதாதென்று காற்றாடி வைத்துக் குளிர்விக்கிறார்கள். காற்றாடி, மின்சாரம் உண்டாக்கும் காந்தச் சில்லான மெக்னட்டுடன் சேர்ந்து, எஞ்சினின் முக்கிய சுழல்தண்டான கிராங் தண்டில் சுழலும் வண்டிகளில், அதன் பின்னால் இருக்கும் சீல் கொஞ்சம் கசிந்தாலும் போதும், காற்றாடி அந்த ஒயிலைத் தூவலாக வாரிச் சிலிண்டரின் தகடுகளுக்கிடையே வீசிவிடும். பார்ப்பவருக்குச் சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டிலிருந்து வழிவதைப் போலவே தோன்றும். நாம் காண்கின்ற ஈரம் ஒயில் வந்து சேர்ந்த இடம் மட்டுமே. அது புறப்பட்ட இடம் மேலேயோ, காற்று வருகின்ற பக்கத்திலோ இருக்கும்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பின்னர், பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் கொயில், காபரேட்டர் வாய், எஞ்சினின் உட்காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயின் முனை ஆகியவற்றைப் பொலித்தீன் பையால் கட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் பழைய தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். பெற்றோலால் கழுவ வேண்டாம். ஒரு பொறி போதும், வண்டியோடு மனிதரும் எரிந்துபோவதற்கு. சேர்விஸ் நிலையத்தில் அழுத்தத் தண்ணீரை நேராக எஞ்சினில் அடிப்பதையும் நான் விரும்புவதில்லை, ஏனெனில் அது மணலைச் சீலின் உதட்டுக்குள்ளும் (தண்டைத் தொடும் ஓரம்) தண்ணீரைப் பிரீதருக்குள்ளும் தள்ளிவிடும். துணியால் துடைத்து நன்றாக உலரவிட்டு, சந்தேகமான இணைப்புகள் எல்லாவற்றிலும் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பிறகு நகரம் வரை ஒருமுறை ஓடிவந்து, கைவிளக்கின் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் கறுத்த கோடு எங்கே தொடங்குகிறதோ அதுவே கசிவின் வாய். காற்றாடி மூடியைக் கழற்றி அதன் உட்புறத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். உட்புறம் ஈரமாக இருந்தால் மெக்னட் பக்கத்துச் சீலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அங்கே காய்ந்திருந்து ஹெட் இணைப்பு மட்டும் நனைந்திருந்தால், முதலில் சொன்ன கராஜ் சரியாகச் சொல்லியிருக்கிறது.

கழுவுவதை அழகுக்கான வேலையென்று எண்ண வேண்டாம். ஒயிலும் புழுதியும் சேர்ந்து தகடுகளை மூடிக்கொண்டால் எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியதைப் போலாகிவிடும். கச்சான் காற்று வீசுகின்ற மாதங்களில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ரப்பரை இறுக்கும். இறுகிய ரப்பர் மேலும் கசியும்.

கேள்வி (கிண்ணியா, சாரதி): அஸ்ஸலாமு அலைக்கும் நானா. மெக்னட் பக்கத்துக் கிராங் சீலைத் திரும்பத் திரும்ப மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடியும் கசிகிறது. சாமான் போலியா, வேலை சரியில்லையா?

பதில்: வஅலைக்கும் ஸலாம் தம்பி. இரண்டும் இருக்கலாம். ஆனால் மற்றக் காரணங்களைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வருவது சரியல்ல. செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம்.

முதலாவது, எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தம். பிஸ்டன் கீழே இறங்கும்போது அதன் அடியில் உள்ள காற்று அமுக்கப்படுகிறது. எரிந்த வாயுவிலும் சிறிதளவு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாண்டிக் கீழே வருகிறது. இரண்டும் வெளியேறுவதற்கென்றுதான் பிரீதர் குழாய் இருக்கிறது. அந்தக் குழாய் மடிந்திருந்தாலோ, கசடு அடைத்திருந்தாலோ, நிறுத்திவைத்த வண்டியில் குளவி மண் வைத்திருந்தாலோ, அழுத்தம் எஞ்சினின் மிகப் பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். அந்த இடம் பெரும்பாலும் சீலின் உதடு. எவ்வளவு நல்ல சீலைப் போட்டாலும் நிற்காது. ஆகவே ஒரு ரூபாயும் செலவழிக்காமல் முதலில் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். பின்னர், குழாய் கழன்ற நிலையிலேயே எஞ்சினை ஓடவிட்டு அந்த வாயருகே உள்ளங்கையைப் பிடியுங்கள். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் காற்று விட்டுவிட்டுத் துடிப்பது வழமை. ஆனால் அக்சிலேட்டர் கொடுக்கும்போது புகையோடும் ஒயில் துளிகளோடும் பலமாக அடித்தால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளுங்கள். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது ரிங் வேலை. சீல் அதற்குப் பின்னால்தான். ஒயில் அளவு கூடியிருந்தாலும் இதே தொல்லை வரும். கசிகிறதே என்ற பயத்தில் டிப்ஸ்டிக்கின் மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுகிறவர்கள் கசிவைத் தாமே கூட்டுகிறார்கள்.

இரண்டாவது, கிராங் தண்டைத் தாங்கும் பெயரிங். காற்றாடியையும் மெக்னட்டையும் கழற்றிவிட்டு, கிராங் தண்டின் நுனியைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தால் பெயரிங் போய்விட்டது. தண்டு ஒரே மையத்தில் சுழலாதபோது சீலின் உதடு ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் விலகும், அந்த விலகலில் ஒயில் வெளியேறும். புதிய சீல் சில நாட்கள் தாக்குப்பிடிப்பது அதன் ரப்பர் இன்னும் மென்மையாக இருப்பதால் மட்டுமே. நீங்கள் சொல்கின்ற குறிக்கு இது மிகவும் பொருந்துகிறது.

மூன்றாவது, தண்டில் விழுந்த தடம். பழைய சீல் ஆண்டுக்கணக்கில் உராய்ந்த இடத்தில் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் அங்கே எந்தச் சீலும் ஒட்டி நிற்காது. சீல் உட்காரும் குழியில் இடமிருந்தால், புதிய சீலை 1 மில்லிமீற்றர் அளவு முன்னாலோ பின்னாலோ நிறுத்தி, உதடு தேயாத பகுதியில் படும்படி செய்யலாம். அப்படிச் செய்யும்போது ஒயில் திரும்பிப் போகும் துவாரத்தைச் சீல் மறைத்துவிடாதபடி கவனிக்க வேண்டும். இடமில்லையென்றால், தண்டின் மேல் மெல்லிய உருக்கு உறை ஏற்றுகின்ற லேத் வேலைதான் வழி.

இவை மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் சாமானைக் குறை சொல்லலாம். சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு, எல்லாம் மில்லிமீற்றரில். பழையதன் எண்களோடு ஒப்பிடாமல் வாங்க வேண்டாம். சாதாரண நைட்ரைல் ரப்பர் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வரை நெடுங்காலம் தாங்கும். விட்டன் எனப்படும் ரப்பர் 200 பாகை வரை தாங்கும். கந்தளாய், ஹபரணை என்று தூர ஓட்டம் ஓடுகிறவர்கள் விட்டன் சீல் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குவது நல்லது.

கேள்வி (மூதூர், கராஜில் வேலை பழகும் இளைஞர்): மாஸ்டர், எங்கள் கராஜில் எல்லா இணைப்புக்கும் கஸ்கட்டோடு சிலிக்கனும் தாராளமாகப் பூசுகிறோம். சிலர் அது கூடாது என்கிறார்கள். எது சரி?

பதில்: தம்பி, தயாரித்தவர்கள் கடதாசிக் கஸ்கட் வைத்த இடத்தில் சிலிக்கன் தேவையில்லை. இரண்டு பாதிகள் சந்திக்கும் மூலை போன்ற சில இடங்களில் மெல்லிய கோடாகப் போடச் சொல்லியிருப்பார்கள். அங்கே மட்டும் போடலாம். தாராளமாகப் பூசும்போது மூடியை முறுக்க முறுக்க மிகுதி வெளியே பிதுங்குவதை நாம் காண்கிறோம். அதே அளவு உள்ளேயும் பிதுங்குகிறது என்பதைக் காண்பதில்லை. அது இறுகித் துண்டுகளாகப் பிய்ந்து ஒயிலை வடிகட்டும் வலையில் போய் அடைத்தால், பம்ப் இழுக்கும் ஒயில் குறைந்து, ஹெட்டில் வால்வுகளைத் திறக்கின்ற கேம் தண்டு ஒயில் இல்லாமல் தேயும். ஒரு துளிக் கசிவை நிறுத்தப் போய் முழு எஞ்சினையும் இழந்த வண்டிகள் வேலைக்கு வந்திருக்கின்றன. வெளிப்பக்கமாகக் கசிவின் மேல் பூசுவதோ அதைவிட வீண். ஒயில் பட்ட அலுமினியத்தில் சிலிக்கன் பிடிக்காது.

கவனத்தை மேற்பரப்பில் வையுங்கள். பழைய கஸ்கட்டைத் திருப்புளியாலும் உளியாலும் கிண்டி எடுப்பதால்தான் பல மூடிகளில் கீறல் விழுகிறது. அந்தக் கீறல்தான் பிறகு ஒயிலுக்கு வாய்க்காலாகிறது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். மூடி வளைந்திருக்கிறதா என்று அறிய, தடித்த கண்ணாடியின் மேல் 400 இலக்க எமரித் தாளை விரித்து மூடியை மெதுவாக எட்டு வடிவில் தேய்த்துப் பாருங்கள்: எங்கும் ஒரேயளவு பளபளத்தால் நேர், சில இடங்கள் மங்கலாகவே இருந்தால் பள்ளம். கடற்கரை வண்டிகளில் உப்புக்காற்று அரித்த வெண்பொடி கஸ்கட்டின் ஓரத்தில் இருக்கும். அதையும் முழுவதுமாகத் துடைத்தெடுக்க வேண்டும். கையால் கஸ்கட் வெட்டும்போது அட்டைப்பெட்டி மட்டை வேண்டாம். பெக்கிங் தாளில், பழையதன் அதே தடிப்பில் வெட்டுங்கள். சிலிண்டரின் அடியில் வரும் கஸ்கட்டின் தடிப்பு மாறினால் கொம்பிரஷனும் (சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் அளவு) மாறிவிடும்.

பின்னர் முறுக்கு. நம் மூடிகளில் பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் போல்ட்டுகள்தான் இருக்கின்றன. அவற்றுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீற்றர் போதும். அதாவது 10 சென்றிமீற்றர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 10 கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவு. மேலும் முறுக்கினால் அலுமினியத்தின் புரி கழன்றுவிடும். ஒரு போல்ட்டை இறுக்கியதும் அதற்கு எதிர்ப்பக்கத்து போல்ட்டுக்குப் போங்கள். ஒரே சுற்றில் முடிக்காமல் இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள்.

சீல் ஏற்றும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஒயில் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். உதட்டில் ஒயில் தடவுங்கள், தண்டின் புரிகளையும் சாவிப் பள்ளத்தையும் ஒட்டுநாடாவால் சுற்றி மறையுங்கள், சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் சொக்கட்டை வைத்து நேராகத் தட்டுங்கள். சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டி ஏற்றிய சீல் அன்றைக்கே வளைந்துபோகிறது.

கேள்வி (நகரம், பஸ் நிலையத்துக்கு அருகே நிறுத்தும் சாரதி): கொஞ்சம் கசிந்தால் ஊற்றிக்கொண்டே ஓடலாம் என்கிறார்கள். எவ்வளவு கசிவு ஆபத்து?

பதில்: கணக்குப் பார்ப்போம். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். எஞ்சின் ஓடும்போது 10 செக்கனுக்கு ஒரு துளி விழுந்தால் மணிக்கு 18 மில்லிலீற்றர். நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் 144. ஒரு கிழமையில் 1 லீற்றர். சிறிய ஓட்டோ எஞ்சின் கொள்ளும் ஒயிலில் பெரும்பங்கு அதுவே. ஆகவே இணைப்பில் ஈரம் மட்டும் படிந்து துளி விழாதிருந்தால் அவதானித்துக்கொண்டு ஓடலாம். நிலத்தில் துளி விழத் தொடங்கினால் நாள்தோறும் காலையில், சமதரையில், ஒயில் அளவு பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். வேலைக்கும் நாள் குறித்துவிட வேண்டும். சைலன்சர் குழாயின் மேல் விழுந்தால் எத்தனை துளி என்று எண்ண வேண்டாம், வண்டியை நிறுத்துங்கள். அது தீப்பிடிக்கக்கூடிய இடம். உங்களுக்குப் பின்னால் பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள்.

கேள்வி (உப்புவெளி, வண்டி உரிமையாளர்): கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். வண்டியை நாள்வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். ஓட்டுகிற தம்பி அடிக்கடி ஒயில் ஊற்றக் காசு கேட்கிறார். கீழே ஒன்றும் சிந்தியிருப்பதாகத் தெரியவில்லை. அவரை நம்புவதா என்று தெரியவில்லை.

பதில்: சகோதரி, அவரைச் சந்தேகிப்பதற்கு முன்னர் எஞ்சினைச் சந்தேகியுங்கள். ஒயில் வெளியே கசிந்து மட்டும் குறைவதில்லை. உள்ளே எரிந்தும் குறையும்.

காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது நீலப்புகை ஒருமுறை வந்து பிறகு தெளிந்துவிட்டால், இரவில் வால்வ் தண்டின் சீல் வழியாக ஒயில் இறங்கியிருக்கிறது. அது ஹெட்டைக் கழற்றிச் செய்யும் நடுத்தரமான வேலை. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு உவர்மலை ஏற்றத்தில் ஏறும்போது தொடர்ந்து நீலப்புகை வந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. அது பெரிய வேலை. உறுதிப்படுத்த, பிளக்கைக் கழற்றி கொம்பிரஷன் அளக்கச் சொல்லுங்கள். பின்னர் பிளக் துவாரத்தின் வழியாக ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டாவது அளவு தெளிவாகக் கூடினால் ரிங்; கூடாவிட்டால் வால்வ் பக்கம். இந்தச் சோதனைக்கு அரைமணி நேரமும் ஆகாது. எஞ்சினைப் பிரிக்காமலே உண்மை தெரிந்துவிடும். ஒயில் எரிகின்ற வண்டி வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் தடுமாறக்கூடும் என்பதால் ஆண்டு முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு கொப்பியில் கிலோமீற்றர் எண்ணிக்கையையும் ஊற்றிய ஒயிலின் அளவையும் இருவரும் சேர்ந்து எழுதி வையுங்கள். இரண்டு மாதக் கணக்கு கையில் இருந்தால், கராஜுக்காரருக்கும் நோய் எளிதில் விளங்கும், அந்தத் தம்பியின் பேரிலும் வீண்பழி விழாது. ஒயில் குறைந்ததை மறைத்து ஓடி எஞ்சினை இறுக்கிவிடுகிறவர்கள் இருக்கும்போது, கேட்டு ஊற்றுகிறவர் உங்கள் வண்டியைக் காப்பாற்றுகிறார்.

கேள்வி (குச்சவெளி, மீன் ஏற்றும் வண்டி): பின் சக்கரத்தின் உட்புறம் ஒயிலாக இருக்கிறது. பிரேக்கும் ஒரு பக்கம் இழுக்கிறது. எஞ்சின் ஒயில் அவ்வளவு தூரம் வருமா?

பதில்: இதைப் படித்தவுடனே வண்டியை நிறுத்திவிடுங்கள். எந்த ஒயில் என்பது பிறகு. பிரேக் லைனிங் நனைந்திருக்கிறது. புல்மோட்டை வீதியில் மாடு குறுக்கே வந்தால் வண்டி நேராக நிற்காது.

மூன்று இடங்களைப் பாருங்கள். வெளிர் நிறமாக, பெயின்ரைக் கிளப்புவதாக இருந்தால் அது சக்கரச் சிலிண்டரிலிருந்து வரும் பிரேக் ஒயில். குழம்பாக இருந்தால் ஹப் பெயரிங்கின் கிரீஸ் உருகி வந்தது. கறுத்த மெல்லிய ஒயிலாக இருந்தால் கியர்பெட்டியிலிருந்து வரும் அச்சின் ரப்பர் பூட் (உறை) கிழிந்திருக்கும். ஐஸும் மீனும் அளவுக்கு மேல் ஏற்றும்போது பின்பகுதி தாழ்ந்து அச்சு சாய்ந்தபடியே சுழல்வதால் பூட் விரைவில் வெடிக்கிறது. பெட்டியிலிருந்து வடியும் உப்புத்தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. நனைந்த லைனிங்கைப் பெற்றோல் ஊற்றி எரித்துப் போடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படிச் செய்ய வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிதாக மாற்றுங்கள்.

கேள்வி (தம்பலகாமம், விவசாயி): என்னிடம் இருப்பது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. கியர் ஒயில் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு துளியும் இல்லை. வெள்ளைப் புகை தள்ளுகிறது.

பதில்: டூ ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகளின் இறக்குமதி 2008இல் தடைசெய்யப்பட்டது, ஆகவே உங்கள் வண்டி அதற்கும் முந்தியது, சீல்களும் அதே வயதாக இருந்தால் வியப்பில்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெற்றோல் கலவை கிராங் அறைக்குள் வந்துதான் மேலே போகிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது அந்த அறையில் உறிஞ்சல் உண்டாகிறது. கியர்பெட்டிப் பக்கத்துக் கிராங் சீல் தேய்ந்திருந்தால், அந்த உறிஞ்சல் கியர் ஒயிலையும் சேர்த்து இழுத்து எரிக்கும். நீங்கள் காண்கின்ற புகை அதுதான். வெளியே எங்கே தேடினாலும் கசிவு கிடைக்காது. மறுபக்கத்துச் சீல் போயிருந்தால் ஒயிலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும், கலவை மெலிந்து எஞ்சின் கொதித்து பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும். ஆகவே ஒன்றை மாற்றும்போது இரண்டையும் மாற்றுங்கள். அதுவரைக்கும் கியர்பெட்டியின் ஒயில் அளவைக் கிழமைக்கொருமுறை பார்த்து நிரப்புங்கள்.

கேள்வி (சீனன்குடா, சாரதி): கசிவை நிறுத்தும் மருந்து என்று போத்தலில் விற்கிறார்கள். தடித்த ஒயில் ஊற்றினாலும் நிற்கும் என்கிறார்கள். காருக்குப் போட்ட மிச்ச ஒயிலும் வீட்டில் இருக்கிறது. எதை ஊற்றலாம்?

பதில்: அந்தப் போத்தல்களில் பல, இறுகிய ரப்பரை ஊதிப் பருக்கச் செய்பவை. சில நாள் நிற்கும், பருத்த ரப்பர் தளர்ந்ததும் முன்னிலும் மோசமாகக் கசியும். கிழிந்த உதட்டையும் ஆடுகின்ற பெயரிங்கையும் எந்த மருந்தும் தொடாது.

ஃபோர் ஸ்ட்ரோக் ஓட்டோக்களில் கிளட்ச் ஒயிலுக்குள்ளேயே நனைந்து வேலை செய்கிறது. காருக்கான ஒயில்களில், குறிப்பாக எரிபொருள் சிக்கனம் என்று போட்டிருப்பவற்றில், உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் இருக்கும். அவை கிளட்ச் தட்டுகளை வழுக்கச் செய்யும். ஆகவே போத்தலில் ஜாசோ எம்.ஏ. (JASO MA) என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள், அது நனைந்த கிளட்சுக்குப் பொருந்தும் என்பதற்கான குறி. தடிப்பு, வண்டியின் கைநூல் சொல்வதாக இருக்கட்டும். 20டபிள்யூ-50 என்று சொல்லியிருந்தால் நம் ஊர் வெப்பத்துக்கு அதுவே போதும். அதைவிடத் தடித்ததைப் போட்டால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஹெட்டுக்கு ஒயில் ஏறச் சுணங்கும். லங்கா ஐ.ஓ.சி.யின் மசகு எண்ணெய்க் கலப்பு ஆலையே நம் திருகோணமலையில்தான் இருக்கிறது. சீல் உடையாத போத்தல் வாங்குவது இங்கே கடினமில்லை. திறந்த பரலில் அளந்து ஊற்றும் ஒயிலை விலைக்காக வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (லிங்கநகர்): ஒயில் வடிக்கும் நட்டின் புரி கழன்றுவிட்டது. நூல் சுற்றி இறுக்கியிருக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஓடும்போது அது கழன்று விழுந்தால் முழு ஒயிலும் ஒரு நிமிடத்தில் போய்விடும். ஹெலிகொயில் எனப்படும் உருக்குச் சுருளைப் பதித்துப் புதிய புரி போடலாம். லேத் வேலை செய்யுமிடங்களில் கேளுங்கள். செப்பு வொஷரை ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றுங்கள். கிடைக்காவிட்டால், பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டெடுத்தால் மறுபடியும் மென்மையாகி நன்றாகப் பதியும்.

கேள்வி (கந்தளாய்): மார்கழி மழையில் வெள்ளத்துக்குள் ஓடிவந்தேன். இப்போது ஒயில் பால்தேநீர் நிறமாக இருக்கிறது, பிரீதரிலிருந்தும் வழிகிறது.

பதில்: பிரீதர் வழியாகவோ டிப்ஸ்டிக் வழியாகவோ தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒயிலை முழுவதும் வடித்து, வலையைக் கழுவி, ஃபில்டர் இருந்தால் மாற்றி, புதிய ஒயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, நிறம் மறுபடியும் மாறினால் அதையும் வடித்துவிட்டு மீண்டும் நிரப்புங்கள். அந்த முதல் நிரப்பலுக்கு மலிவான ஒயில் போதும். பிரீதர் குழாயின் முனையை மேல்நோக்கி உயர்த்திக் கட்டினால் அடுத்த மாரிக்கு உதவும்.

கேள்வி (சாம்பல்தீவு): வடித்த பழைய ஒயிலை என்ன செய்வது? வேலிக் கட்டைக்குப் பூசலாமா?

பதில்: கிணற்றடியிலும் களப்போரத்திலும் வேண்டாம். நம் நிலம் மணல். ஊற்றியது கிணற்றுக்கே இறங்கும். மூடியுள்ள கானில் சேர்த்து, பழைய ஒயில் வாங்குகிறவர்களுக்கு விற்கும் கராஜில் கொடுங்கள். கையுறை போடாமல் அதில் கைவைக்க வேண்டாம், பாவித்த எஞ்சின் ஒயில் நாட்பட்டால் தோலுக்குப் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியது.

கேள்வி (கிண்ணியா, முன்னர் கேட்டவரே): நானா, நீங்கள் சொன்னபடி அசைத்துப் பார்த்தேன், தண்டு ஆடுகிறது. எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், ஒரேயடியாக எதையெல்லாம் மாற்றுவது?

பதில்: பிரித்த கூலி ஒருமுறைதான் என்பதால், கையில் உள்ள பணத்துக்கு ஏற்ப முன்பின் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக் கிராங் பெயரிங்குகளும், இரண்டு பக்கத்துச் சீல்களும், முழு கஸ்கட் செட்டும் கட்டாயம். கியர் தண்டு, கியர் மாற்றும் தண்டு ஆகியவற்றின் சிறிய சீல்களும் ஓ-ரிங்குகளும் விலை குறைந்தவை. அவற்றை விட்டுவைத்தால் அடுத்த கசிவு அங்கிருந்துதான் வரும். சிலிண்டரை அளந்து பார்த்து, தேய்மானம் எல்லைக்குள் இருந்தால் ரிங் மட்டும் போடுங்கள்; தாண்டியிருந்தால் போர் போட்டு (சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கி) புதிய பிஸ்டன் போட வேண்டும். தண்டில் தடம் இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்து முடித்துவிடுங்கள்.

கோத்த பின்னர் முதல் 500 கிலோமீற்றருக்கு அதிகப் பாரம் ஏற்றாமல் ஓடி, அந்த ஒயிலை வடித்து மாற்றுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது வெளிமூடி போல்ட்டுகளை அதே 10 நியூட்டன் மீற்றருக்குச் சரிபார்த்துவிட்டு, பவுடர் சோதனையை மறுபடியும் ஒருமுறை செய்யுங்கள். ஹெட் நட்டுகளுக்கு வேறு அளவு உண்டு. அதைக் கைநூலில் பார்த்துத்தான் தொட வேண்டும்.